எடைமேடைச் சீட்டில் ஒரு வரி குறைகிறது

பத்து வீல் டிப்பரை 60 டன் எடைமேடையில் ஏற்றி இறக்கினால் சீட்டு கைக்கு வந்துவிடும். மொத்த எடை, காலி எடை, சரக்கு எடை என மூன்று வரி. எம்-சாண்ட் வாங்கி விற்க இது தாராளம். ஓவர்லோடு வழக்கில் சிக்காமல் இருக்க இது போதாது. ஒவ்வொரு ஆக்ஸிலும் (சக்கர அச்சு) தாங்கும் எடை அதில் இல்லை. நம்மூர் எடைமேடைகளில் பெரும் குறை இதுதான்.

2018-இல் மத்திய அரசு உயர்த்திய வரம்புப்படி பத்து வீல் லாரிக்கு மொத்தம் 28.5 டன், அதில் பின்னால் உள்ள இரட்டை ஆக்ஸிலுக்கு 21 டன். (ஆர்.சி.யில் இதைவிடக் குறைவாக எழுதியிருந்தால் அதுதான் கணக்கு.) சீட்டில் 28,400 கிலோ என்று வந்ததும் டிரைவர் நிம்மதியாகக் கிளம்பிவிடுவார். சரக்கு பின்பக்கம் குவிந்து முன் ஆக்ஸிலில் 6,900 மட்டும் நின்றால் பின்னால் 21,500. அரை டன் மிகை. ரோட்டை உடைப்பதும் இந்த ஆக்ஸில் எடைதான். சேதம் அதன் நான்காம் அடுக்கில் ஏறுகிறது என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஆக்ஸிலில் 20 சதவீதம் ஏற்றினால் சேதம் சுமார் இரண்டு மடங்கு.

ஆக்ஸில் எடை போட அதே மேடை போதும். முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி, நியூட்ரலில் பிரேக்கை விட்டு ஓர் எடை. பிறகு முழு வண்டி. கழித்தால் பின்பக்கம். ஏறும் பாதை மேடையோடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். சரிவாக இருந்தால் எடை ஒரு பக்கம் சாய்ந்து கணக்கு கெடும். பல மேடைகள் தேறாமல் போவது இங்கேதான்.

வண்டி ஏறும் முன் திரையில் பூஜ்யம் இருக்கிறதா பாருங்கள். மேடைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் ஒரு ஜல்லி சிக்கினாலே எடை குறைத்துக் காட்டும். பள்ளத்துக்குள் அமைத்த குழி மேடை என்றால் மழைத் தண்ணீரும், எலி கடித்த லோடு செல் (எடையை உணரும் கருவி) ஒயரும் வேறு. லோடு வண்டியை மேடையின் முன்முனை, நடு, பின்முனை என நிறுத்திப் பார்த்தால் ஒரே எடை வரணும். 50 கிலோவுக்கு மேல் ஆடினால் வேறு மேடை தேடலாம். எடைக் கருவிகளைச் சோதித்து முத்திரையிடும் முத்திரை ஆய்வாளரின் சான்றிதழ் 12 மாதத்துக்குள் இருக்க வேண்டும்.

காலி எடையைக் கம்ப்யூட்டரில் கிடக்கும் பழைய எண்ணிலிருந்து போடவிடாதீர்கள். 300 லிட்டர் டேங்க் நிறைய டீசல் இருந்தால் அதுவே 250 கிலோ.

பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாய், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில். எடை போட மறுத்தால் 40,000.

குவாரிக்குள்ளேயே இருக்கும் மேடைக்குத்தான் நம் ஓட்டு. எடை மிஞ்சினால் ஜேசிபி பக்கத்திலேயே நிற்கிறது, ரெண்டு வாளி அள்ளிவிடலாம். ரோட்டோர மேடையில் தெரியவந்தால் கொட்ட இடம் ஏது?