கவுச் டு 5கே: நெல்லை வெயிலுக்கும் தெருநாய்க்கும் இந்த ஓட்டத் திட்டம் தாங்குமா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டம் என்றால் என்னவென்றே தெரியாத ஆளை ஒன்பது வாரத்தில் ஓட வைக்கிறோம் என்று சொல்லும் கவுச் டு 5கே திட்டம் உண்மையிலேயே வேலை செய்கிறது, காசும் கேட்பதில்லை. ஆனால் பெயரில் இருக்கிற அந்த 5 கிலோமீட்டரை நம்பி இறங்கினால் கடைசி வாரத்தில் முகம் சுருங்கிவிடும். இந்தத் திட்டம் தருவது 5 கி.மீ. இல்லை, அரை மணி நேரம் நிற்காமல் ஓடுகிற உடம்பு. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய விஷயம். அதை முன்னாலேயே சொல்லித் தொலைத்தால் என்ன என்றுதான் எனக்கு ஆதங்கம்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1996-இல் ஜோஷ் கிளார்க் என்பவர், ஐம்பதைத் தாண்டிய தன் அம்மா மாதிரி ஆட்களை மனதில் வைத்துப் போட்ட அட்டவணை இது. இப்போது பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்.கூட இதை இலவச ஆப்பாகத் தருகிறது. வாரத்துக்கு மூன்று நாள் ஓட்டம், இடையில் ஒரு நாளாவது ஓய்வு. எடுத்தவுடன் 5 நிமிடம் வேக நடை. அப்புறம் முதல் வாரத்தில் 60 வினாடி ஓட்டம், 90 வினாடி நடை, இதையே மாற்றி மாற்றி 20 நிமிடம். 60 வினாடியா, இதென்ன பிரமாதம் என்று தோன்றும். பள்ளிக்கூட விளையாட்டு விழாவோடு ஓட்டத்தை நிறுத்திக்கொண்ட என் போன்றவர்களுக்கு நாலாவது சுற்றில்தான் தெரியும், ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று.

இரண்டாம் வாரம் 90 வினாடி ஓட்டம், 2 நிமிட நடை. மூன்றாம் வாரத்தில் 3 நிமிட ஓட்டம் நுழையும், நாலாம் வாரத்தில் 5 நிமிடம். இதுவரை படிப்படியாக, பதவிசாகப் போகும். ஐந்தாம் வாரத்தில்தான் வில்லங்கம்.

ஐந்தாம் வாரம் முதல் நாள், 5 நிமிடமாக மூன்று ஓட்டம், நடுவில் 3 நிமிட நடை. இரண்டாம் நாள் 8 நிமிடம் ஓடி, 5 நிமிடம் நடந்து, மறுபடி 8 நிமிடம். மூன்றாம் நாள்? 20 நிமிடம், நடையே கிடையாது. அட்டவணையைப் பார்த்தவுடன் அச்சுப்பிழையோ என்றுதான் நினைத்தேன். இந்த இடத்தில் பயந்துபோய் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். ஆனால் கணக்கைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். முதல் நாள் ஓடியது மொத்தம் 15 நிமிடம், இரண்டாம் நாள் 16. ஆக, காலுக்கு 20 என்பது பெரிய தாவல் இல்லை, நடுவில் இருந்த நடையை மட்டும் உருவிவிட்டார்கள், அவ்வளவுதான். தாவல் முழுக்க மண்டைக்குள் இருக்கிறது. இதைப் போட்ட மனிதருக்கு மனுஷ மனசு நன்றாகத் தெரிந்திருக்கிறது, ஏனென்றால் அந்த 20 நிமிடத்தை ஓடி முடித்த அன்றைக்கு வருகிற தெம்பு மிச்ச நாலு வாரத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. ஆறாம் வாரத்தில் திரும்பவும் நடை கலந்து வரும், அது கொஞ்சம் இளைப்பாற. ஏழாம் வாரம் 25 நிமிடம், எட்டாம் வாரம் 28, ஒன்பதாம் வாரம் 30.

ஒரே நிபந்தனை, மெதுவாக ஓட வேண்டும். எவ்வளவு மெதுவாக என்றால், பக்கத்தில் வருகிற ஆளிடம் முழு வாக்கியமாக ஊர்க்கதை பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கி 'ம்', 'ஆமா' என்று மட்டும் பதில் வந்தால் வேகம் அதிகம். நானும் மதினியும் சேர்ந்துதான் ஓடினோம், அந்த வகையில் எங்களுக்கு வேகத்தை அளக்க வேறு கருவியே தேவைப்படவில்லை. மதினி பேச்சை நிறுத்தினால் வேகத்தைக் குறைத்துவிடுவேன்.

இங்கே ஒரு உள்ளூர்ச் சிக்கல் இருக்கிறது. பாளையங்கோட்டையில் காலையில் மைதானத்துக்குப் போனால் போலீஸ் தேர்வுக்குத் தயாராகிற பையன்கள் கூட்டம் கூட்டமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், அதாவது ஒரு கிலோமீட்டர் 4 நிமிடம் 40 வினாடி. அவன் வாழ்க்கைக்காக ஓடுகிறான், நாம் கொலஸ்ட்ராலுக்காக ஓடுகிறோம், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூடாது. அவர்கள் நம்மைத் தாண்டும்போது தானாகவே கால் வேகமெடுக்கும், அதுதான் ஆபத்து. சேலையும் கேன்வாஸ் ஷூவுமாக வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி வருகிற அம்மாக்களைப் பாருங்கள், அவர்கள் யாரையும் கண்டுகொள்வதில்லை.

இனி அந்த 5 கி.மீ. விவகாரம். 30 நிமிடத்தில் 5 கி.மீ. என்றால் கிலோமீட்டருக்கு 6 நிமிடம், மணிக்கு 10 கி.மீ. வேகம். நாற்பதைத் தாண்டி, எடையும் கொஞ்சம் ஏறி, புதிதாக ஓடத் தொடங்குகிற ஒருவருக்கு இது ஒன்பது வாரத்தில் வருகிற வேகமே இல்லை. என் வேகத்துக்கு 30 நிமிடத்தில் மூன்றரை கி.மீ. போல வரும். மதினிக்கு அதைவிடக் குறைவு. அசல் அட்டவணையில் நேரக் கணக்கோடு தூரக் கணக்கும் கொடுத்து, இரண்டில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். தயவுசெய்து நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்தை இலக்காக வைத்தால் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று மனசு பறக்கும், வேகம் ஏறும், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரமாக வலி ஆரம்பிக்கும். நேரத்தை வைத்தால் வேகமாக ஓடினாலும் அதே அரை மணி, மெதுவாக ஓடினாலும் அதே அரை மணி, பிறகு எதற்கு அவசரம்? உடம்புக்கும் இதுவே போதும். பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 75 நிமிடம் கடுமையான உடற்பயிற்சி செய்தாலே நல்லது என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. மூன்று அரை மணி சேர்ந்தால் 90 ஆகிவிடுகிறது.

அட்டவணை குளிர்நாட்டுக்காரர்களுக்குப் போட்டது, நம்மூர் வெயிலைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. சித்திரையில் ஆரம்பித்தால் சத்தியமாக மூன்றாம் வாரம் தாண்ட மாட்டீர்கள், காலை ஏழரைக்கே வெயில் முதுகில் உறைக்கும். ஆனி, ஆடியில் சாரல் காற்று, அது வேறு கதை. மேற்கே இருந்து அடிக்கிற காற்றை எதிர்த்து வண்ணார்பேட்டை பக்கம் ஓடிப் பாருங்கள், ஓடுகிற மாதிரியே இருக்காது, நின்ற இடத்தில் கால் தூக்குகிற மாதிரி இருக்கும். அந்த மாதங்களில் ஓடியே ஆக வேண்டும் என்றால் போகும்போது காற்றுக்கு எதிராகப் போய்விட்டு, களைத்த காலோடு திரும்பும்போது காற்று முதுகில் இருக்கிற மாதிரி வழியை அமைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடர்ச்சி கிடைக்காது.

நான் சொல்வேன், மார்கழி முதல் தேதி ஆரம்பியுங்கள். டிசம்பர் 16 வாக்கில் தொடங்கினால் ஒன்பது வாரம் முடியும்போது மாசி பிறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். வெயில் தலைகாட்டுவதற்கு முன்னால் திட்டம் முடிந்துவிடும். அதைவிட முக்கியம், பெண்களுக்கு விடியற்கால இருட்டில் தனியாக ஓட ஒரு தயக்கம் இருக்குமே, அது மார்கழியில் இல்லை. நாலரை மணிக்கே வாசலில் கோலம், கோயில் ஸ்பீக்கரில் பாட்டு, தெரு முழுக்க விளக்கும் ஆளும். ஐந்து மணிக்கு ஓடினால் குறைந்தது பத்து அக்காமார் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்ப்பதோடு விட மாட்டார்கள், கேள்வியும் கேட்பார்கள், அது போகட்டும். முக்கு டீக்கடை அண்ணாச்சி முதல் வாரம், "என்னம்மா, பஸ்ஸ விட்டுட்டியளா?" என்றார். இரண்டாம் வாரத்திலிருந்து வணக்கம் மட்டும்தான். தை மாதம் வந்தால் பச்சை வேட்டியும் காவியுமாகத் திருச்செந்தூருக்கு நடந்துபோகிறவர்கள் விடிய விடிய சாலையில் இருப்பார்கள். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலோடு நடக்கிற ஊரில் அரை மணி நேர ஓட்டத்துக்கு யாரும் பெரிதாக மிரள வேண்டியதில்லை.

எங்கே ஓடுவது? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மைதானம்தான் சரி. அண்ணா விளையாட்டரங்கமோ வ.உ.சி. மைதானமோ எது வீட்டுக்குப் பக்கமோ அது. வாகனம் இல்லை, நாய்த் தொல்லை குறைவு, முடியவில்லை என்றால் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போக தூரம் கிடையாது. கொஞ்சம் பழகியபிறகு, பஸ் நெரிசல் தொடங்குவதற்கு முன்னால், சுலோச்சன முதலியார் பாலம் வரை போய்த் திரும்பலாம். 1843-இல் கட்டிய பாலம், கீழே தாமிரபரணி, வெயில் வருவதற்கு முந்தைய அந்தக் காற்றுக்காகவே போகலாம். கே.டி.சி. நகர் பக்கம் நான்கு வழிச்சாலையில் ஓடுகிறவர்களைப் பார்க்கிறேன், வேண்டவே வேண்டாம். இருட்டில் எதிர்த் திசையில் வருகிற பைக் ஒன்று போதும்.

நாய். இதைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். நாய் துரத்தினால் ஓடாதீர்கள், நின்றுவிடுங்கள், பிறகு மெதுவாக நடங்கள். ஓடினால்தான் அதற்கு உற்சாகம். ஆப் 'இப்போது ஓடு' என்று சொல்லும், நாய் 'நில்' என்று சொல்லும், நாய் சொல்வதைக் கேளுங்கள். அந்த 8 நிமிட ஓட்டம் பாழாய்ப் போனால் போகட்டும், ஓய்வு நாள் கழித்து மறுபடி ஓடிக்கொள்ளலாம்.

ஆப் பற்றி. இந்தத் திட்டத்தைச் சொல்லிக்கொடுக்க ஏகப்பட்ட ஆப்கள் இருக்கின்றன. நான் முதலில் இறக்கிய ஒன்று (பெயர் வேண்டாம்) நாலாம் வாரத்தோடு பூட்டிக்கொண்டு சந்தா கேட்டது, போதாததற்கு நடை முடிந்து ஓட வேண்டிய நேரத்தில் விளம்பரம் ஓட்டியது. அழித்துவிட்டேன். உண்மையில் ஆப்பே தேவையில்லை. மொத்த அட்டவணையும் ஒரு துண்டுத் தாளில் அடங்கிவிடும், கையில் ஒரு சாதாரண டிஜிட்டல் வாட்ச் இருந்தால் போதும். தமிழில் நேரம் சொல்கிற குரல் ஒன்று இருந்திருந்தால் மதினிக்கு வசதியாக இருந்திருக்கும், நான் பார்த்தவற்றில் இல்லை.

ஷூவுக்கு மட்டும் கொஞ்சம் செலவு செய்யுங்கள். சாயங்காலம் கடைக்குப் போய் வாங்குங்கள், பகல் முழுக்க நடமாடிய பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் இருக்கும். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். மற்றபடி கலர், கம்பெனி எல்லாம் உங்கள் இஷ்டம்.

ஓய்வு நாளைத் திருடாதீர்கள். மூச்சும் இதயமும் சீக்கிரம் பழகிவிடும், மூன்றாம் வாரத்திலேயே 'இன்னும் ஓடலாம் போலிருக்கே' என்று தோன்றும். எலும்பும் தசைநாரும் அவ்வளவு சீக்கிரம் பழகாது. தினமும் ஓடினால் கால்தான் முதலில் மக்கர் செய்யும். ஒரு வாரம் கஷ்டமாக இருந்தால் அதே வாரத்தைத் திரும்ப ஓடலாம். மதினி நாலாம் வாரத்தைத் திரும்ப ஓடினார், ஒன்றும் குறைந்துபோகவில்லை. சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள், நெஞ்சில் ஏதாவது தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

எடை குறையுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இதை மட்டும் நம்பினால் குறையாது. தோராயமாக ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கலோரி கணக்கு. 60 கிலோ ஆள் மூன்றரை கி.மீ. ஓடினால் 200 கலோரி சொச்சம். ஓடி முடித்த தெம்பில் நூறு கிராம் அல்வா சாப்பிட்டால் அதைவிடக் கூடுதலாக உள்ளே போய்விடும். நெல்லையில் இருந்துகொண்டு அல்வாவை விடச் சொல்ல எனக்கு வாய் வராது, ஓடிய கணக்கில் எழுதாதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன். ஓடிவிட்டு வந்ததும் உப்புப் போட்ட நீராகாரம் ஒரு சொம்பு, அதற்கு மேல் பாக்கெட் பானம் எதுவும் இந்த அரை மணி ஓட்டத்துக்குத் தேவையில்லை.

திட்டத்தின் நிஜமான குறை கடைசியில்தான் வருகிறது. ஒன்பதாம் வாரம் முடிந்ததும் வாழ்த்துச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிவிடுகிறது. அடுத்து என்ன? இங்கேதான் நிறையப் பேர் நின்றுவிடுகிறார்கள், ஏனென்றால் இத்தனை வாரமும் இன்றைக்கு என்ன ஓட வேண்டும் என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள், திடீரென்று தாள் காலி. நான் செய்வது இது: வாரத்தில் இரண்டு நாள் அதே 30 நிமிடம், மூன்றாவது நாள் மட்டும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக 35, 40 என்று கூட்டுவது. வேகத்தைத் தொடுவதில்லை. 400 மீட்டர் பாதையில் பன்னிரண்டரைச் சுற்று சேர்ந்தால் 5 கி.மீ., பெயரில் சொன்ன அந்தத் தூரம் எனக்கு அப்படித்தான் வந்தது, திட்டம் முடிந்து ரொம்ப நாள் கழித்து, பங்குனி வெயில் தொடங்குகிற நேரத்தில். மதினிக்குத் தூரத்தில் ஆசையில்லை. அரை மணி நேரம் பேசிக்கொண்டே ஓடினால் போதும் என்கிறார், இன்னும் ஓடுகிறார்.

அடுத்த மார்கழிக்கு ஒரு 10கே அட்டவணையை எடுத்து வைத்திருக்கிறேன், முடித்தால் அதையும் எழுதுகிறேன். பாளை, பெருமாள்புரம் பக்கம் காலை ஐந்து மணிக்கு ஓட ஆள் தேடுகிற பெண்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், மெதுவாகத்தான் போவோம்.