ஐந்து பாலங்கள், 21 கியர்

நேற்றுதான் சைக்கிளைப் பழுதுபார்த்து வாங்கி வந்தேன். இன்று காலை குடமுருட்டிப் பாலத்தின் ஏற்றத்தில் செயின் மறுபடியும் கழன்றுவிட்டது. பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, வண்டியைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டு, எண்ணெய் அப்பிய செயினை விரலால் தூக்கிப் பல்லில் மாட்டினேன். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு இன்னும் போகவில்லை.

"தஞ்சாவூரில் மேடு ஏது, கியர் சைக்கிள் எதற்கு?" என்று, என்னுடையதைப் போன்ற 21 கியர் சைக்கிளை வாங்கலாமா என யோசிக்கும் நண்பர் கேட்டிருந்தார். நான்கு வருடமாகத் திருவையாற்றுக்கு இதில்தான் போய்வருகிறேன். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலங்களை விட்டால் மேடு இல்லைதான். ஆனால் ஆடிக்காற்று இருக்கிறதே! மாலையில் திரும்பும்போது தென்மேற்குக் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். மேடாவது பாலத்தோடு முடியும். காற்று கரந்தை வரை விடாது. கியர் இல்லாத பழைய சைக்கிளில் அந்த நேரத்தில் முழங்கால் கதறும். இதில் செயினைப் பின்னால் உள்ள 18 பல் சக்கரத்திலிருந்து 24 பல் சக்கரத்துக்கு மாற்றுகிறேன். வேகம் 20 கிலோமீட்டரிலிருந்து 15-க்கு இறங்கும்; கால் மட்டும் நிமிடத்துக்கு 75 சுற்று என்ற அதே தாளத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சுகத்துக்கு ஈடே இல்லை.

பைக்கையும் ஓட்டுகிறவன் என்பதால் சொல்கிறேன். பெடல்மேல் ஏறி நின்று மிதித்தால், 100 சிசி எஞ்சினைவிடப் பல மடங்கு முறுக்குவிசை, அதாவது சுழற்றும் பலம், காலில் கிடைக்கும். கிடைக்காதது சுழற்சி. எஞ்சின் நிமிடத்துக்கு 4,000, 5,000 சுற்று சுற்றும்; டாப் கியரில்கூட அது பத்துத் தடவை சுற்றினால்தான் பின்சக்கரம் ஒரு சுற்றுப் போகும். சைக்கிளில் தலைகீழ்: பெடல் ஒரு சுற்று, சக்கரம் இரண்டு சுற்று.

இன்னொன்றையும் பல்லை எண்ணிப் பார்த்தே தெரிந்துகொண்டேன். முன்னே மூன்று பல்சக்கரங்கள்: 28, 38, 48 பல். பின்னே ஏழு: 14 முதல் 28 பல் வரை. மிக இலகுவான கியருக்கும் மிகக் கடினமானதற்கும் மூன்றரை மடங்குகூட வித்தியாசம் இல்லை. நான்கு கியர் பைக்கிலும் ஏறத்தாழ அவ்வளவுதான். எஞ்சின் 2,000 சுற்றிலும் இழுக்கும், 7,000-லும் இழுக்கும். அதற்கு நான்கு படி போதும். காலுக்கு 60-க்கும் 90-க்கும் நடுவேதான் சுகம். அதனால் படிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். அந்த நெருக்கத்தைப் பின்னால் இருக்கும் ஏழு பல்சக்கரங்களே தந்துவிடுகின்றன.

பிறகு முன்னால் மூன்று எதற்கு? முன்னே 48-க்குப் பின்னே 28, 38-க்கு 22, 28-க்கு 16, மூன்றும் கிட்டத்தட்ட ஒரே கியர்! மூன்றை ஏழால் பெருக்கி 21 கியர் என்று ஒட்டி விற்கிறார்கள். செயினைக் கழற்றுவதைத் தவிர அந்த முன் மாற்றி, முன்சக்கரங்களுக்கிடையே செயினைத் தள்ளும் கருவி, எனக்கு எதுவும் செய்ததில்லை. நான்கு வருடத்தில் மூன்று முறை சரிசெய்தாயிற்று.

ஆகவே நண்பருக்கு என் பதில்: இதை வாங்காதீர்கள். முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் ஏழு உள்ளதாகத் தேடுங்கள். என்னுடையதை விலைக்குக் கேட்காதீர்கள், தர மாட்டேன். நாளைக் காலையில் கடைக்குப் போய் முன் மாற்றியைக் கழற்றி, செயினை 38-லேயே நிறுத்திவிடச் சொல்லப்போகிறேன்.