ஒரே பேரல், ஒன்பது ஆண்டுகள்: .22 தோட்டாக்களைச் சோதித்த அனுபவம்

வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டிச் சற்று உள்ளே, பாலக்காடு மாவட்டத்தின் தமிழ் பேசும் பஞ்சாயத்து ஒன்றில் வசிக்கிறேன். 50 மீட்டர் தூரத்தில் படுத்த நிலையில் சுடும் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாகப் பயிற்சி செய்கிறேன். இந்தக் காலம் முழுவதும் ரைஃபிளும் அதன் பேரலும் (குண்டு பாயும் குழல்) மாறவில்லை; தோட்டா மட்டும் மாறிக்கொண்டே வந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவில் வெண்கலம் வென்ற பிறகு எங்கள் சுடுதளத்துக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் கூடியிருக்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்பது, "எந்தத் தோட்டா நல்லதுங்க சார்?" என்பதுதான். ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லி இக்கேள்வியை முடித்துவிட முடியாது என்பது எனக்கே நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் விளங்கியது.

.22 லாங் ரைஃபிள் தோட்டா 1887-இல் அமெரிக்காவில் அறிமுகமானது. இதன் பித்தளைக் கூட்டுக்கு நடுவில் தனியாக ப்ரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) கிடையாது; அடிவிளிம்பின் உள்மடிப்பிலேயே தீப்பற்றும் கலவை பரப்பப்பட்டிருக்கும், ஊசி அந்த விளிம்பைத்தான் அடிக்கும். போட்டித் தோட்டாவில் உள்ள ஈயக் குண்டு 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம். அது விநாடிக்கு 320 முதல் 330 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. இலக்கில் பத்து வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், அடுத்தடுத்த வளையங்கள் எட்டு எட்டு மில்லிமீட்டராக விலகிச் செல்கின்றன. குண்டின் விட்டமே 5.6 மில்லிமீட்டர் என்பதால், தோட்டாவின் குறைக்கு இந்த விளையாட்டு விட்டுக்கொடுக்கும் இடம் மிகச் சிறியது.

வேகம் சீராக இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு சீராக என்பதை ஒரு நாள் தாளும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டபோதுதான் உணர்ந்தேன். குண்டு 50 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.16 விநாடி ஆகிறது. அதற்குள் புவியீர்ப்பால் சுமார் 12 சென்டிமீட்டர் இறங்குகிறது. ஒரு தோட்டா மற்றொன்றைவிட விநாடிக்கு 10 மீட்டர் மெதுவாகப் போனால் இந்த இறக்கம் ஏழெட்டு மில்லிமீட்டர் கூடும். கிட்டத்தட்ட ஒரு வளையம். மூச்சும் விரலும் ஒழுங்காக இருந்தும் ஷாட் செங்குத்தாகக் கீழே போய் ஒன்பதில் விழுவதற்கு என் கை காரணம் என்று பல மாதங்கள் நினைத்திருந்தேன். எங்கள் கழகம் வேகமானி ஒன்றை வாங்கிய பிறகு, அப்போது நான் வைத்திருந்த மலிவான தோட்டாவில் 50 ஷாட்டுக்குள் விநாடிக்கு 18 மீட்டர் வரை வேறுபாடு தெரிந்தது. கோச்சிடம் காட்டினேன். "கைய திட்டாதே, பெட்டியத் திட்டு" என்றார்.

வேகம் கூடினால் நல்லது என்பதும் நான் நம்பிய தவறுகளில் ஒன்று. ஒலியைவிட வேகமாகப் புறப்படும் .22 தோட்டாக்கள் ஒலிவேக எல்லையை ஒட்டிய பகுதியில் கடுமையான காற்றுத்தடையைச் சந்திக்கின்றன. அதனால் பக்கக்காற்றில் மெதுவான போட்டித் தோட்டாவைவிட அதிகமாக விலகுகின்றன. போட்டித் தோட்டாக்களை ஒலிவேகத்துக்குக் கீழேயே வைத்திருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

என் பெரிய பிழை சோதித்த முறையில்தான் இருந்தது. புதுப் பெட்டி வாங்கியதும் ஐந்து ஷாட் சுடுவேன். துளைகள் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டால் "நல்ல தோட்டா" என்று நோட்டில் எழுதுவேன், விரிந்திருந்தால் ஒதுக்கிவிடுவேன். ஒரு மார்கழிக் காலையில், காற்று எழும் முன்பு, ஒரே லாட்டிலிருந்து, அதாவது ஒரே எண்ணிட்ட தயாரிப்புத் தொகுதியிலிருந்து, எட்டு முறை ஐந்தைந்தாகச் சுட்டு அளந்தேன். மிகச் சிறிய குரூப் (துளைக்கூட்டத்தின் அகலம்) 11 மில்லிமீட்டர். மிகப் பெரியது 24. தோட்டா ஒன்று, ரைஃபிள் ஒன்று, ரைஃபிளைத் தாங்கிய மணல் மூட்டையும் அதே மூட்டை. நாலு வருட நோட்டில் நான் எழுதி வைத்த தீர்ப்புகளில் பாதிக்கு மேல் வெறும் தற்செயல் என்பது அன்றைக்குத் தெரிந்துவிட்டது. நான் ஒதுக்கியவற்றில் எத்தனை நல்ல லாட்டுகள் போயினவோ!

இப்போது ஒரு லாட்டுக்கு 40 ஷாட் கணக்கு. அதற்கு முன்னால் பதினைந்து ஷாட்டைக் கணக்கில் சேர்க்காமல் சுடுகிறேன், ஏனெனில் ஒவ்வொரு தயாரிப்பின் குண்டிலும் பூசியிருக்கும் மெழுகு வேறு. பேரலுக்குள் பழைய மெழுகு போய்ப் புதியது படியும்வரை துளைகள் அலையும். பிறகு துளைக்கூட்டத்தின் நடுப்புள்ளியிலிருந்து ஒவ்வொரு துளையின் தூரத்தையும் அளந்து சராசரி எடுக்கிறேன். ஓரத்து இரண்டு துளைகளுக்கு இடைப்பட்ட தூரத்தை மட்டும் பார்த்தால் மீதி 38 ஷாட் சொல்லும் செய்தி வீணாகிறது. இதில் ஒரு சங்கடம், உரிமத்தில் அனுமதித்த எண்ணிக்கைக்குள்தான் சோதனையும் அடங்க வேண்டும். சோதனைக்குப் போகும் தோட்டா பயிற்சிக்குக் கிடைக்காது. அதனால் ஆண்டுக்கு மூன்று லாட்டுக்கு மேல் நான் பார்ப்பதில்லை.

தொழிற்சாலையில் செய்யும் சோதனை வேறு தளத்தில் நடக்கிறது. அழுத்தச் சோதனைக்கென்றே செய்த தடித்த பேரலில் பீசோ உணரியை (அழுத்தத்தை மின்சைகையாக மாற்றும் கருவி) பொருத்தி, வெடிக்கும்போது கூட்டுக்குள் எழும் உச்ச அழுத்தத்தை அளக்கிறார்கள்; 1914-இல் தொடங்கிய சி.ஐ.பி. என்ற பன்னாட்டு அமைப்பு .22 எல்.ஆர். தோட்டாவுக்கு வைத்த உச்சவரம்பு 170 மெகாபாஸ்கல். அது பாதுகாப்புக்கான சோதனை. பத்தில் விழுமா என்று அது சொல்லாது. அதைச் சொல்வது 50 மீட்டர் சோதனைச் சுரங்கத்தில் பேரலை இறுக்கிப் பிடித்துச் சுடும் குரூப்தான். ஈலி, லாப்புவா போன்ற தோட்டா நிறுவனங்கள் வீரர்கள் தம் ரைஃபிளையே கொண்டுவந்து பல லாட்டுகளைச் சுட்டுப் பார்த்து, பொருந்துவதை வாங்கிச் செல்ல ஏற்பாடு வைத்திருக்கின்றன. ஒரே பெயர், ஒரே விலை, ஒரே எந்திரவரிசை என்றாலும் லாட்டுக்கு லாட் வேறுபடும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் ஒப்புக்கொள்ள முடியாது.

அந்த லாட் எண்ணில்தான் நான் ஒருமுறை ஏமாந்தேன். நடுத்தர விலைத் தோட்டா ஒன்றில் அருமையான லாட் அமைந்தது. அதே எண்ணில் 500 வேண்டும் என்று எழுத்திலேயே கேட்டு, பணமும் கட்டினேன். வந்த பத்துப் பெட்டியில் மேலே நான்கு நான் கேட்ட எண். கீழே ஆறு வேறு எண். விற்றவரிடம் கேட்டபோது, "எல்லாம் ஒரே சரக்குதானே" என்றார். சீல் உடைத்த வெடிபொருளைத் திரும்ப எடுக்கவும் மாட்டார். அந்த ஆறு பெட்டியும் என் பேரலில் மேலும் கீழுமாகச் சிதறின. இன்னொரு நண்பரின் ரைஃபிளில் அவையே நன்றாகச் சுட்டன என்பதையும் சொல்லியாக வேண்டும். அன்று முதல் பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒவ்வொன்றின் மடிப்பையும் புரட்டி எண்ணைப் படித்த பிறகே கையெழுத்துப் போடுகிறேன்.

எங்கள் ஊரின் தனிச் சிக்கல் காற்று. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வரும் காற்று தென்னை ஓலையை ஒரே பக்கமாகச் சீவி விடும். பக்கவாட்டில் மணிக்கு 10 கிலோமீட்டர் காற்றே குண்டை ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் தள்ளிவிடும். இரண்டு வளையம் போயிற்று. ஆகவே ஆடியில் எடுத்த சோதனை முடிவு எதையும் நான் நம்புவதில்லை. பங்குனி, சித்திரை வெயிலில் பிரச்சினை வேறு: குண்டின் மெழுகு இளகி விரலில் ஒட்டும், அதில் செம்மண் தூசி ஒட்டும், அந்தத் தூசி பேரலுக்குள் போகும். தோட்டாவை நிழலில், மூடிய எவர்சில்வர் டப்பாவில் வைத்து, ஐந்து ஐந்தாக எடுப்பதே எனக்குச் சரிப்பட்டது.

பக்கத்துத் தோட்டக்காரர், "அண்ணா, இதுல காட்டுப்பன்னி விழுமா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். விழாது. இதன் ஆற்றல் சுமார் 140 ஜூல்; பெரிய விலங்கு வேட்டைக்கான .308 வின்செஸ்டர் தோட்டாவில் அது 3,500-ஐ ஒட்டி இருக்கும். பன்றியைக் காயப்படுத்தி ஓடவிடுவதற்கும், உரிமத்தை இழப்பதற்கும்தான் இது உதவும் என்று சொல்லி அனுப்பினேன். ஹார்னடி நிறுவனம் 2007-இல் கொண்டுவந்த 6.5 க்ரீட்மோர் போன்ற புதிய தோட்டாக்களைப் பற்றி இளைஞர்கள் ஆர்வமாகக் கேட்கிறார்கள். நான் அவற்றைச் சுட்டதில்லை, ஆகையால் இங்கே எடைபோடவில்லை.

தற்போதைய லாட்டில் ஏழு பெட்டி மீதம் இருக்கிறது. கோயம்புத்தூர் போட்டிக்கு நான்கை ஒதுக்கியிருக்கிறேன். உரிமத்தின் செல்லுபடி எல்லையில் தமிழ்நாடும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் சாவடியைத் தாண்ட வேண்டும். மற்ற மூன்றும், கார்த்திகையில் காற்று அடங்கியதும், வரப்போகும் புது லாட்டோடு பக்கத்தில் வைத்துச் சுட்டுப் பார்க்க.