இரண்டாவது புற்றுநோய்: மூன்று கணக்குகள், எதை நம்புவது?

கதிர்வீச்சு சிகிச்சையால் பின்னாளில் இன்னொரு புற்றுநோய் வருமா என்பதைக் கணக்கிட மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. மூன்றும் ஒரே விடையைத் தருவதில்லை.

பழைய வழி, ஹிரோஷிமா, நாகசாகியில் குண்டுவீச்சுக்குத் தப்பியவர்களை 1950 முதல் கவனித்துவரும் ஆய்விலிருந்து பிறந்தது. டோஸ் (உடலில் விழும் கதிர்வீச்சின் அளவு) கூடக் கூட ஆபத்தும் நேர்கோட்டில் கூடும் என்பது இதன் அடிப்படை. ஆனால் அவர்கள் உடல் முழுவதும் ஒரே நொடியில் வாங்கியது பெரும்பாலும் 0.1 கிரேக்கும் (டோஸை அளக்கும் அலகு) குறைவு. சிகிச்சையிலோ ஒரு சிறு பகுதிக்கு 50, 60 கிரே, அதுவும் தினம் 2 கிரே வீதம் பிரித்துத் தரப்படுகிறது. அந்தக் கோட்டை இவ்வளவு தூரம் நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சர்வதேச கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் தரும் 'சீவர்ட்டுக்கு சுமார் 5 சதவீத ஆபத்து' (சீவர்ட்: உடலுக்கு வரும் பாதிப்பையும் சேர்த்து டோஸை அளக்கும் அலகு) என்ற கணக்கும் பாதுகாப்பு விதிகளுக்காக வந்ததுதான். தனி ஆளின் ஆபத்தை அதை வைத்துச் சொல்லக்கூடாது என்று ஆணையமே சொல்கிறது.

அடுத்தது உறுப்புச் சமான டோஸ்: உறுப்பு முழுக்கச் சீராக விழுந்தால் இதே ஆபத்தைத் தரக்கூடிய டோஸ் எவ்வளவு என்ற கணக்கு. அதிக டோஸில் செல் மாறிப்போவதைவிடச் செத்துப்போவதே அதிகம், செத்த செல் புற்றுநோய் ஆகாது. அதனால் கோடு மேலே போய் வளைகிறது. ஒரு உறுப்பு முழுக்க 2 கிரே விழுகிறது, இன்னொன்றில் பத்தில் ஒரு பங்குக்கு மட்டும் 20 கிரே விழுகிறது என்று வைப்போம். சராசரி இரண்டுக்கும் 2 கிரேதான், நேர்கோட்டுக் கணக்கில் இரண்டும் ஒன்று. இந்தக் கணக்கில் முதலாவதுதான் மோசம். ஐஎம்ஆர்டி (பல கோணங்களிலிருந்து, செறிவை மாற்றி மாற்றிக் கதிர் செலுத்தும் முறை) போன்ற நுட்பங்கள் குறைந்த டோஸைப் பரவலாகத் தெளிக்கின்றன என்ற கவலைக்கு இதுதான் அளவுகோல். 2003ல் வந்த ஒரு மதிப்பீடு, பழைய முறையில் 1 சதவீதமாக இருந்த ஆபத்து ஐஎம்ஆர்டியில் 1.75 ஆகலாம் என்றது. சிக்கல் என்னவென்றால், எப்படி வளைப்பது என்பது கணக்குப் போடுபவர் கையில். தட்டையாக்கினால் ஒரு எண், கீழே இறக்கினால் வேறு எண்.

மூன்றாவது, சிகிச்சை பெற்றவர்களையே தொடர்ந்து பார்ப்பது. இங்கேதான் வளைவுக்கு அடி விழுகிறது. ஹாட்ஜ்கின் நோய்க்காக (நிணநீர் மண்டலத்தில் வரும் ஒரு புற்றுநோய்) இளவயதில் மார்புப் பகுதியில் கதிர்வீச்சு பெற்ற பெண்களில், மார்பகத்தில் 40 கிரேக்கு மேல் விழுந்த இடத்தில் ஆபத்து, மிகக் குறைவாக விழுந்த இடத்தைவிடச் சுமார் 8 மடங்கு. கோடு வளையவே இல்லை. தைராய்டில் மட்டும் 20 கிரே வரை ஏறி அப்புறம் இறங்குகிறது. குறை ஒன்றுதான்: முடிவு தெரிய இருபது, முப்பது வருஷம் ஆகும், அதற்குள் கருவியே மாறிவிடும். புரோட்டான் சிகிச்சைக்கு (எக்ஸ்ரேக்குப் பதில் புரோட்டான் துகள்களைச் செலுத்துவது) இன்னும் அவ்வளவு நீண்ட பதிவு சேரவில்லை.

இரண்டு சிகிச்சைத் திட்டங்களில் எது தேவலை என்று பார்க்க நான் உறுப்புச் சமான டோஸைத்தான் எடுப்பேன், அதுவும் விகிதத்தை மட்டும். நோயாளி 'எனக்கு எவ்வளவு?' என்று கேட்டால் மூன்றாவது வழியின் எண்ணைத்தான் சொல்வேன், அவருடைய வயதையும் சேர்த்து. அமெரிக்கப் பதிவேடுகளை வைத்து 2011ல் வந்த ஆய்வின்படி, கதிர்வீச்சு சிகிச்சை பெற்ற பெரியவர்களுக்கு வரும் இரண்டாவது புற்றுநோய்களில் சுமார் 8 சதவீதத்துக்குத்தான் கதிர்வீச்சு காரணம். குழந்தைகளுக்கு இந்த எண்ணைச் சொல்லக்கூடாது, அவர்கள் கணக்கே தனி.