தொய்ந்த ஸ்க்ரீன் கம்பிக்கு ஒரு நடுத்தாங்கி

எங்கள் வீடு கொடைக்கானல் ஆனந்தகிரியில். அப்பாவின் கட்டில் கிழக்கு ஜன்னலை ஒட்டிக் கிடக்கிறது. ஜன்னல் எட்டடி அகலம். குளிர் தாங்காமல், மூன்று வருடத்துக்கு முன் ஸ்க்ரீன் துணிக்கு உள்பக்கம் கம்பளி வைத்துத் தைத்து மாட்டினோம். அன்றைக்கே லேசாக வளைந்த கம்பி, இந்த ஐப்பசி மழைக்குள் நடுவில் இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது. வளையமெல்லாம் நடுவுக்கே வழுக்கி வந்துவிடும். ராத்திரி இரண்டு ஓரமும் திறந்துகொண்டு பனிக்காற்று அப்பாவின் காதில் அடிக்கும். காலையில் ஒதுக்கிவிட்டால் சற்று நேரத்தில் திரும்பி வந்து வெயிலை மறைக்கும். மழைக்காலத்தில் இங்கே கிடைக்கிற ஒரு மணி நேர வெயில் எண்பது வயதுக்காரருக்கு எவ்வளவு பெரிது! நடுவில் தரையில் புரண்ட துணியோரம் முழுக்கக் கரும்புள்ளியாகப் பூஞ்சை வேறு.

கம்பியையே மாற்றிவிடலாம் என்றுதான் மூஞ்சிக்கல்லில் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் துணியின் கனத்தைக் கேட்டார். வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டில் மலைப்பூண்டு நிறுக்கிற தராசில் போட்டுப் பார்த்தேன். ஆறரை கிலோ! போனில் சொன்னதும், "கம்பிய மாத்தாதீங்க டீச்சர், காசுதான் தண்டம். நடுவுல ஒரு தாங்கி குடுங்க, போதும்" என்றார். புதுக் கம்பியை விற்றிருக்கலாம், விற்கவில்லை. அதற்காகவே அந்தக் கடைக்கு முழு மார்க் போடுவேன்.

அவர் சொன்னது கணக்குப்படியும் சரி. சீராகப் பரவிய பாரத்துக்குக் கம்பியின் தொய்வு நீளத்தின் நான்காம் அடுக்கில் ஏறும், அதாவது நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு பதினாறு மடங்கு. எட்டடியை நாலு நாலு அடியாகப் பிரித்தால் தொய்வு பாதியாவதோடு நிற்காது, பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்.

தாங்கி 70 ரூபாய். இரும்பு, நல்ல தடிமன். வாய் மேல்பக்கம் திறந்திருப்பதால் கம்பியை அப்படியே மேலிருந்து இறக்கி, பக்கத்துத் திருகை முடுக்கினால் ஆயிற்று. குறை என்றால் கூட வருகிற ஸ்க்ரூதான். ஒரு இஞ்ச் நீளம். எங்கள் சுவரில் பூச்சே முக்கால் இஞ்ச் இருக்கிறது, மிச்சம் கால் இஞ்ச் எதைப் பிடித்து நிற்கும்? அதை ஓரம் வைத்துவிட்டு, இரண்டு இஞ்ச் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத ஸ்டீல்) ஸ்க்ரூ தனியாக வாங்கினேன். சாதா ஸ்க்ரூ இந்த ஈரத்தில் துருப்பிடித்துவிடும்.

முனைத் தாங்கிகளைக் கழற்றியபோதுதான் முழு விஷயமும் புரிந்தது. முன்பு மாட்டிக்கொடுத்தவர் சுவரில் மரக்கட்டை அடித்து அதில் ஸ்க்ரூ இறக்கியிருக்கிறார். கட்டை ஈரத்தில் ஊறி, காய்ந்து சுருங்கி, ஆட்டினால் ஆடியது. ஸ்க்ரூவை இழுத்ததும் பூச்சு மாவாகக் கொட்டியது. அந்த ஓட்டையில் மறுபடி முயல வேண்டாமென்று சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டு, இரண்டு இஞ்ச் வெளியே தள்ளி ஆறு எம்.எம். பிட்டில் புது ஓட்டை போட்டேன். ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ள ஓட்டைக்குள் செருகுகிற ரால் பிளக், பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போகும் வரை உள்ளே தட்டிவிட வேண்டும். பூச்சிலேயே நின்றுவிட்டால் பழைய கதைதான்.

நடு ஓட்டை ஜன்னலுக்கு மேலே போகிற லிண்டல் காங்கிரீட்டில் விழும், அதற்கு ஹேமர் டிரில் இல்லாமல் முடியாது. அதே கடையில் ஒரு நாள் வாடகை 150 ரூபாய். முதல் ஓட்டை காங்கிரீட்டுக்குள் இருக்கிற இரும்புக் கம்பியில் முட்டியது. அரை இஞ்ச் தள்ளிப் போட்டதும் இறங்கியது. ஸ்டூலைப் பிடித்துக்கொண்ட மகள், முனையிலிருந்து முனைக்கு நூல் இழுத்து நடுத்தாங்கியின் உயரத்தைக் குறித்துக்கொடுத்தாள். பழைய வளைவை மேல்பக்கம் பார்க்கத் திருப்பி மாட்டியதில், துணியின் கனத்திலேயே கம்பி நேராகிவிட்டது.

இப்போது இரண்டு மாதம். போன வாரமும் நூல் பிடித்துப் பார்த்தேன், இறக்கமே இல்லை. அப்பா கட்டிலில் இருந்தபடியே ஸ்க்ரீனை ஒதுக்குகிறார், ஒதுக்கிய இடத்திலேயே நிற்கிறது.

ஒன்று கவனியுங்கள்: வளையம் நடுத்தாங்கியைத் தாண்டாது. இரண்டு பக்கமும் தனித்தனித் துணி என்றால் கவலையில்லை, ஒரே துணி என்றால் அடிப்பக்கம் திறந்த வளையம் வேண்டும். கம்பிக்குத் தகுந்தபடி தாங்கியின் அளவும் மாறும். முக்கால் இஞ்சுக்கு வேறு, ஒரு இஞ்சுக்கு வேறு. அளவு பார்க்க நான் கம்பியின் முனைக் குமிழைக் கழற்றிக் கையோடு கொண்டுபோனேன்.