பெங்களூரு அல்சூர் சந்தில் ஒரு கிட்டார் பட்டறை

மேல்பலகையில் விரிசல் விட்ட என் கிளாசிக்கல் கிட்டாரைப் பார்த்ததும் பெரிய கடையில் "புதுசு வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டார்கள். அல்சூர் பட்டறை அண்ணன் அப்படிச் சொல்லவில்லை. துளைக்குள் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தார். விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்டார். "ஏசி ரூம்லயே வச்சிருந்தீங்களா தம்பி?" மாட்டிக்கொண்டேன். மேல்பலகையின் ஸ்புரூஸ் மரம் காய்ந்தால் சுருங்கும், உள்ளே குறுக்கே ஒட்டிய கட்டைகள் அதை விடாது, அப்புறம் பிளக்காமல் என்ன செய்யும்? விசிறிபோல விரியும் கட்டைகளையும் காட்டினார். 19ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கிட்டார் கைவினைஞர் அந்தோனியோ தோரஸ் செம்மைப்படுத்திய முறை அது. விரிசலில் ஸ்புரூஸ் சீவலைச் செருகி ஒட்டி, அரக்கு மெருகைத் துணிப்பொட்டலத்தால் நாள்கணக்கில் ஏற்றினார். சொன்ன தேதிக்கு மூன்று வாரம் தாமதம், போனையும் எடுக்கவில்லை. சரி, ஒட்டிய இடத்தை இப்போது விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிறது. காரில் போகாதீர்கள், சந்தில் நிறுத்த இடமில்லை.