மிஸ் அடிக்குற பழைய கார்: பார்ட்ஸ மாத்துறதா, ஸ்கேனர் போடுறதா, கழட்டி இடம் மாத்திப் பாக்குறதா?

எங்க வீட்டு வண்டி மாருதி 800, 1997 மாடல், கார்பு வண்டி (பெட்ரோலயும் காத்தயும் கார்புரேட்டர்ல கலக்குறது, கம்ப்யூட்டர் கிடையாது). போன ஐப்பசி மழைல மிஸ்ஸிங், அதாவது ஒரு சிலிண்டர் சரியா எரியாம எஞ்சின் தடுமாறுறது, ஆரம்பிச்சுது. காலைல ஸ்டார்ட் பண்ணா நல்லா இருக்கும், பத்து நிமிஷம் ஓடி சூடானதும் சிக்னல்ல நிக்கும்போது ஸ்டியரிங், கண்ணாடி, பின்சீட்ல கெடக்குற தண்ணி பாட்டில் வரைக்கும் ஆடும். 40க்கு மேல போயிட்டா ஒண்ணுமே தெரியாது, கிளீனா போகும். இந்த வண்டில இருக்குறதே மூணு சிலிண்டர், அதுல ஒண்ணு படுத்தா மூணுல ஒரு பங்கு வேலை போச்சு, அதனால நாலு சிலிண்டர் வண்டிய விட இதுல ஆட்டம் ரொம்ப ஜாஸ்தியா தெரியும். மூணு மாசம் இதோட அலைஞ்சதுல, மிஸ்ஸிங் கண்டுபிடிக்குறதுக்கு இருக்குற எல்லா வழியயும் பாத்தாச்சு, அதனால எது எதுக்கு ஆகும்னு இங்க எழுதுறேன்.

முதல் வழி, எல்லாரும் பண்றது, புது பார்ட் போட்டுப் பாக்குறது. மழைல ஆரம்பிச்சதால மெக்கானிக் ஈரம்னு முடிவு பண்ணிட்டார். முதல் வாரம் பிளக் மூணும், அடுத்து பிளக் வயர் செட்டு, அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்ட பிரிச்சு விடுறது) கேப்பும் ரோட்டாரும், அப்புறம் காயில் (ஸ்பார்க்குக்கு வோல்டேஜ ஏத்துறது), கடைசில கார்பு கழட்டி சர்வீஸ். 6000 ரூபா சொச்சம் ஆச்சு, ஆட்டம் அப்படியே இருந்துச்சு. இந்த வழிய ஒரேயடியா தப்புன்னு சொல்ல மாட்டேன். பிளக், வயர், கேப், ரோட்டார் எல்லாமே தேயுற சாமான், கடைசியா எப்ப மாத்தினோம்னு ஞாபகமே இல்லன்னா போடுறது வீண் இல்ல. ஆனா மூணு பார்ட்ட ஒண்ணா மாத்தி சரியாச்சுன்னா எது காரணம்னு கடைசி வரைக்கும் தெரியாது. சரியாகலன்னா அதைவிட மோசம், ஏன்னா "அதெல்லாம் புதுசு, அதுல பிரச்சனை இருக்காது"ன்னு மனசு அந்தப் பக்கமே போகாது. புது பிளக்கே டப்பாலருந்து எடுக்கும்போது நுனில இருக்குற இடைவெளி மாறி இருக்கலாம், டூப்ளிகேட் வயர் புதுசுலயே லீக் அடிக்கும்.

ரெண்டாவது வழி, இருக்குற பார்ட்டையே இடம் மாத்திப் பாக்குறது. என்னைக் கேட்டா பழைய வண்டிக்கு இதுதான் முதல்ல பண்ண வேண்டியது, செலவு பூஜ்யம். முதல்ல எந்த சிலிண்டர்னு புடிக்கணும். வண்டி ஐட்லிங்ல (ஆக்சிலேட்டர மிதிக்காம நின்ன இடத்துல ஓடும்போது) ஆடிட்டு இருக்கும்போது ஒவ்வொரு சிலிண்டரா கட் பண்ணிப் பாக்கணும். நல்ல சிலிண்டர கட் பண்ணா வண்டி இன்னும் மோசமா தடுமாறும், நிக்கவே பாக்கும். ஏற்கனவே படுத்த சிலிண்டர கட் பண்ணா ஒரு மாத்தமும் இருக்காது, அதான் குற்றவாளி. ஓடுற வண்டில பிளக் வயர வெறும் கையால தொடாதீங்க, ஆயிரக்கணக்கான வோல்ட், இதய நோய் இருக்குறவங்களுக்கு ஆபத்து. வண்டிய நிறுத்தி, ஒரு வயர கழட்டி, அதுக்குள்ள ஒரு பழைய பிளக்க சொருகி அந்த பிளக்கோட உடம்பு எஞ்சின் இரும்புல நல்லா தொடுற மாதிரி, கார்பு, பெட்ரோல் டியூப் பக்கத்துல இல்லாம வச்சுட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. வயர அந்தரத்துல விட்டா ஸ்பார்க் போக வழியில்லாம காயிலயும் இக்னிஷன் மாட்யூலயும் அடிச்சிடும். எம்பிஎஃப்ஐ வண்டின்னா (கார்புக்குப் பதிலா கம்ப்யூட்டர் சொல்லி இன்ஜெக்டர் பெட்ரோல் பீச்சுறது) வயர் பக்கமே போக வேணாம், இன்ஜெக்டர் கனெக்டர ஒவ்வொண்ணா கழட்டினா போதும், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர கெடுக்காது.

சிலிண்டர் தெரிஞ்சிடுச்சா, இப்ப அந்த பிளக்க பக்கத்து சிலிண்டருக்குப் போடுங்க, அதோடத இங்க போடுங்க. மிஸ்ஸிங் பிளக்கு கூடவே இடம் மாறிச்சுன்னா பிளக்குதான். மாறலன்னா அடுத்து வயர், நீளம் எட்டுனா அதே மாதிரி மாத்திப் பாக்கலாம், டிஸ்ட்ரிபியூட்டர் கேப்ல சிலிண்டர் எரியுற ஆர்டர் மட்டும் தப்பாம (800க்கு 1-3-2, நாலு சிலிண்டர் ஜென்னுக்கு 1-3-4-2). கழட்டுன பிளக்க பாக்காம விடாதீங்க. கருப்பா கரி புடிச்சிருந்தா பெட்ரோல் ஜாஸ்தி, வெள்ளையா சுட்டிருந்தா பெட்ரோல் கம்மி இல்ல காத்து எங்கயோ ஜாஸ்தி வருது, ஆயில் ஈரம்னா ரிங்கோ வால்வு சீலோ, பெட்ரோல் வாசனையோட நனைஞ்சிருந்தா அங்க எரியவே இல்ல. வயர்ல சந்தேகம்னா ராத்திரி லைட்ட அணைச்சுட்டு பானெட்ட தொறந்து வயர் மேல லேசா தண்ணி ஸ்பிரே பண்ணிப் பாருங்க, லீக் இருந்தா நீலமா பொறி ஓடுறது கண்ணுல தெரியும். எங்க வண்டில மூணாவது சிலிண்டர்னு தெரிஞ்சுது, பிளக்கும் வயரும் மாத்தியும் மிஸ்ஸிங் மூணுலயே நின்னுச்சு. அதாவது மூணு மாசமா நாங்க செலவு பண்ண இக்னிஷன் பக்கம் பிரச்சனையே இல்லன்னு 20 நிமிஷத்துல தெரிஞ்சு போச்சு!

கார்பு வண்டிக்கு இன்னொரு இலவச டெஸ்ட் இருக்கு. சூடான வண்டில சோக்க (கார்புக்குள்ள போற காத்த குறைக்குறது) கால் பங்கு இழுங்க. ஆட்டம் குறைஞ்சா மிக்சர் லீனா, அதாவது பெட்ரோல் கம்மியா ஓடுதுன்னு அர்த்தம், ஸ்லோ ஜெட் (ஐட்லிங்ல பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டை) அடைப்பு, இல்ல கார்பு அடி கேஸ்கெட்லயோ வேக்கம் டியூப்லயோ விரிசல். E20 பெட்ரோல் (20% எத்தனால் கலந்தது) வந்தப்புறம் இதை இன்னும் கவனிக்கணும், எத்தனால்லயே ஆக்சிஜன் இருக்கு, எம்பிஎஃப்ஐ வண்டில ஆக்சிஜன் சென்சார் இருந்தா அதைப் பாத்து ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) பெட்ரோல் அளவ ஏத்திக்கும், கார்புக்கு அந்த வசதி கிடையாது, ஜெட்டு ஓட்டை எவ்வளவோ அவ்வளவுதான். பழைய ரப்பர் டியூபும் எத்தனால்ல ஊறி கெட்டுப் போகும். எங்க வண்டில சோக்க இழுத்ததும் இன்னும் மோசமாச்சு, அதனால காத்துப் பக்கமும் இல்ல.

மூணாவது வழி ஸ்கேனர். இதுல நிறைய பேர் ஏமாறுறாங்க. ஃபோன்ல கனெக்ட் ஆகுற ப்ளூடூத் டாங்கிள் வாங்கிட்டா எல்லா வண்டியும் பேசும்னு நினைக்குறாங்க. இந்தியால பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி வந்த 2010லதான் ஓபிடி (வண்டியே கோளாற கண்டுபிடிச்சு கோடா பதிவு பண்றது) கட்டாயமாச்சு, 2013ல அதோட ரெண்டாம் கட்டம். அதுக்கு முன்னாடி வந்த எம்பிஎஃப்ஐ வண்டிகள்ல போர்ட் இருந்தாலும் பலதுக்கு அந்த கம்பெனி ஸ்கேனர்தான் வேணும், கார்பு வண்டில படிக்குறதுக்கு ஒண்ணுமே இல்ல. பேசுற வண்டில நல்லா உதவும், கிராங்க் சுத்துற வேகத்துல வர்ற சின்ன தடுமாற்றத்த வச்சு எந்த சிலிண்டர்னு சொல்லிடும், கோடு பி0301ன்னா ஒண்ணாவது, பி0302ன்னா ரெண்டாவது, பி0300ன்னா ஒரு இடம்னு இல்லாம மாறி மாறி. ஆனா எங்கன்னுதான் சொல்லும், ஏன்னு சொல்லாது. மச்சானோட 2014 வண்டில பி0302 வந்துச்சு, உடனே இன்ஜெக்டர் மாத்தணும்னு ஒரு ஒர்க்‌ஷாப்ல சொன்னாங்க. அதுல ஒவ்வொரு பிளக் மேலயும் தனித்தனி காயில், ரெண்டாவது காயில கழட்டி மூணாவதுல போட்டு கோட அழிச்சுட்டு ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்தோம், பி0303 வந்துச்சு. காயில் ஒண்ணோட வேலை முடிஞ்சுது. ஸ்கேனரும் இடம் மாத்துறதும் சேந்தா அவ்வளவு சுலபம், ஸ்கேனர் மட்டும்னா பாதிதான்.

நாலாவது கம்ப்ரஷன் கேஜ், சிலிண்டர் எவ்வளவு அழுத்துதுன்னு அளக்குறது. ரோட்டோர மெக்கானிக் நிறைய பேர் இதை எடுக்குறதில்ல, பிளக் ஓட்டைல விரல வச்சு "நல்லாத்தான் தள்ளுது"ன்னு சொல்லிடுறாங்க, ஆனா 100 பிஎஸ்ஐயும் விரல தள்ளும், 150ம் தள்ளும். எஞ்சின் சூடா இருக்கணும், பிளக் எல்லாத்தயும் கழட்டணும், காயில் கனெக்‌ஷன எடுத்துடணும், ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சுட்டு நாலஞ்சு சுத்து செல்ஃப் அடிக்கணும். எங்களுக்கு வந்தது 155, 150, 95. அளவ விட சிலிண்டருக்கு சிலிண்டர் இருக்குற வித்தியாசம்தான் முக்கியம், ரொம்ப விலகி நிக்குறது எதுவோ அதுலதான் வேலை. அப்புறம் மூணாவதுல ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் ஊத்தி மறுபடி அடிச்சோம். ரிங் தேஞ்சிருந்தா ஆயில் அடைச்சு பிரஷர் ஏறிடும். 100தான் வந்துச்சு, அப்ப ரிங் இல்ல, வால்வு. பிளக்கெல்லாம் திரும்ப மாட்டி ஐட்லிங்ல விட்டுட்டு சைலன்சர் வாய்கிட்ட ஒரு பேப்பர் துண்ட புடிச்சேன், படபடன்னு வெளிய தள்ளிட்டே இருந்தது நடுவுல நடுவுல உள்ள இழுத்துச்சு, எக்ஸாஸ்ட் வால்வு சரியா மூடலன்னா இப்படித்தான் இழுக்கும்.

வால்வு கவர தொறந்தா மூணாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் டேப்பட்ல (வால்வ தள்ளித் தொறக்குற பாகம்) இடைவெளியே இல்ல, ஃபீலர் கேஜ்ல இருக்குறதுலயே மெல்லிசான தகடு கூட நுழையல. வால்வு சீட்டுக்குள்ள தேஞ்சு இறங்க இறங்க இந்த இடைவெளி குறைஞ்சுட்டே போகும், சூடாகி வால்வு நீண்டதும் கொஞ்சம் தொறந்தே நிக்கும். அதனாலதான் காலைல நல்லா இருந்து சூடானதும் ஆடிச்சு, வேகமா சுத்தும்போது லீக் ஆக நேரம் இல்லாம மறைஞ்சு போச்சு. டேப்பட் லூசா இருந்தா டக்கு டக்குன்னு சத்தம் போடும், எல்லாரும் கவனிப்பாங்க, டைட்டா இருந்தா சத்தமே வராது, "சத்தம் இல்லயே, டேப்பட் நல்லாருக்கு"ன்னு எங்க மெக்கானிக்கும் அப்படித்தான் விட்டுட்டார். நல்ல மனுஷன், அவர்தான் அன்னைக்கு கூட இருந்து செட் பண்ணிக் குடுத்தார். வால்வு எரியுறதுக்கு முன்னாடி புடிச்சதால ஹெட்ட இறக்காம தப்பிச்சோம், ஒரு வாரம் ஓட்டிட்டு அளந்தா மூணாவது 140.

ஆக கார்பு வண்டியோ 2010க்கு முந்தின எம்பிஎஃப்ஐ வண்டியோ வச்சிருக்கீங்கன்னா டாங்கிளுக்குப் போடுற காச கம்ப்ரஷன் கேஜுல போடுங்க, ரெண்டுமே ஏறக்குறைய 1000 ரூபாதான். புது வண்டின்னா டாங்கிள் வாங்குங்க. சூடானா மட்டும் ஐட்லிங்ல ஆடுதுன்னா டேப்பட்ட முதல்ல பாருங்க, மழைல மட்டும் ஆடி வெயில்ல சரியாகுதுன்னா வயரும் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பும், ஏத்தத்துல லோடு குடுக்கும்போது மட்டும்னா பிளக்கோ காயிலோ பெட்ரோல் ஃபில்டரோ. மூணு சிலிண்டரும் ஒண்ணு போல சோம்பலா இருந்தா டைமிங் பெல்ட் ஒரு பல்லு தாண்டியிருக்கானு பாக்கணும்.

எதிர் வீட்டு அண்ணன் 1999 ஜென் வச்சிருக்கார், அதுவும் கார்பு, அதுவும் இப்ப ஆடுது. பிளக் செட்டு வாங்கப் போறேன்னார், ஞாயித்துக்கிழமை காலைல வரைக்கும் பொறுங்கண்ணேன்னு சொல்லி வச்சிருக்கேன். முதல்ல சோக்க இழுத்துப் பாப்போம்.